பழைய உளவுப் படங்களில், தன்னை அறியாமலே நம்மைச் சிரிக்க வைக்கும் படம் எது? அது உங்களுக்கு ஏன் பிடிக்கும்?

எனக்கு ஒரே படம்தான்: 1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்'. ஜேம்ஸ் பொண்ட் படங்களில் மூன்றாவது. கை ஹமில்டன் இயக்கியது, ஷோன் கொனரி நடித்தது. பிறகு வந்த உளவுப் படங்கள் பலவும் இந்த அச்சில் வார்க்கப்பட்டவை. ஆனால் நகை செய்பவரின் மகனாகப் பிறந்து, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதை முதன்முதலில் பார்த்தவன் நான். அதனால் எனக்குத் தெரிந்த 'கோல்ட்ஃபிங்கர்' கொஞ்சம் வேறு. அதையே எழுதுகிறேன்.

என் ஊர் ஆரையம்பதி. மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடியையும் தாண்டி வர வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் அக்கா பருவமடைந்ததற்கான சாமத்திய வீடு நடந்தது. இருட்டிய பிறகு யாரும் தெருவில் இறங்காத காலம் அது. வந்த சொந்தக்காரர்கள் விடியும்வரை எங்கள் வீட்டிலேயே இருந்தாக வேண்டும். அதற்காகவே தொலைக்காட்சி, வீடியோ டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்திருந்தோம். மூன்று தமிழ்ப் படங்கள் ஓடி முடிந்தபோது சாமம் மூன்று மணி இருக்கும். ஜெனரேட்டரில் இன்னும் எண்ணெய் மிச்சம் இருந்தது. கடைக்காரர் மேலதிகமாகப் போட்டுக் கொடுத்த கஸற் ஒன்றும் இருந்தது. அதை ஏற்றினார்கள். முற்றத்துப் பாயில் விழித்திருந்தவர்கள் பத்துப் பேர்தான். ஒருவருக்கும் ஆங்கிலம் சரியாகத் தெரியாது. அப்பா முன்னால் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் அம்மாவின் தமையன், எங்கள் பெரிய மாமா. மாமா எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தான வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடித்தவர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோல்ட்ஃபிங்கர் என்ற பொன் வெறியன் ஒருவன். அமெரிக்காவின் பொன் களஞ்சியமான ஃபோர்ட் நொக்ஸுக்குள் அணுகுண்டை வெடிக்கவைத்து, அங்கிருக்கும் பொன்னை 58 ஆண்டுகளுக்கு யாரும் தொடமுடியாதபடி கதிர்வீச்சால் கெடுக்கப் பார்க்கிறான். அப்படிச் செய்தால் அவன் கையில் இருக்கும் பொன்னுக்கு விலை ஏறும். மூல நாவலில் அவன் பொன்னைக் கொள்ளையடிக்கவே திட்டமிடுகிறான். அவ்வளவு பொன்னை அள்ளிக்கொண்டு போக முடியாது என்று கணக்குப் பார்த்துத்தான் படத்தில் அதை மாற்றினார்கள். அந்தக் கணக்கைப் பொண்டே வாய்விட்டுச் சொல்கிறான்: 60 பேர் 12 நாள் வேலை செய்து 200 லொறிகளில் ஏற்ற வேண்டும். பொன்னின் பாரத்தை இவ்வளவு கவனமாக நினைத்துப் பார்த்த படம், கொஞ்ச நேரத்தில் அதே பாரத்தை அடியோடு மறந்துவிடுகிறது. என் நேசத்துக்குரிய சிரிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

சோலோ என்றொரு கொள்ளைக் கூட்டத் தலைவன். கோல்ட்ஃபிங்கரின் திட்டத்தில் சேர விருப்பமில்லை, தனக்கு வரவேண்டிய பத்து இலட்சம் டொலர் பொன்னைக் கொடுத்தால் போய்விடுகிறேன் என்கிறான். சரி என்று பொன்னை ஒரு பெரிய லிங்கன் கொன்டினென்டல் காரில் ஏற்றி அனுப்புகிறார்கள். வழியில் கோல்ட்ஃபிங்கரின் அடியாள் ஒட்ஜொப் அவனைச் சுட்டுவிட்டு, காரைப் பழைய இரும்புக் கிடங்குக்கு ஓட்டிப் போகிறான். பாரந்தூக்கி காரைத் தூக்கி இயந்திரத்தின் வாயில் போடுகிறது. கார், பிணம், பொன் எல்லாம் சேர்ந்து ஒரு சதுரக் கட்டியாக நசுங்கி வெளியே வருகிறது. அந்தக் கட்டியை ஃபோர்ட் ரஞ்செரோ என்ற சின்ன பிக்கப்பின் பின்பக்கத்தில் வைக்கிறார்கள். ஒட்ஜொப் அதை எந்தச் சிரமமும் இல்லாமல் எசமானிடம் ஓட்டிக்கொண்டு வருகிறான். வந்ததும் கோல்ட்ஃபிங்கர், என் பொன்னை சோலோவிடமிருந்து பிரித்தெடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மிகுந்த மரியாதையோடு சொல்லி விடைபெறுகிறான்.

பாயில் இருந்தவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் எழுந்து உட்கார்ந்தார். "அந்தக் காருக்குள் பொன் எவ்வளவு?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. காலையில் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரிடம் விசாரித்தபோதுதான் பத்து இலட்சம் டொலர் என்றும், அந்தக் காலத்தில் ஓர் அவுன்ஸ் 35 டொலர் என்றும் தெரிந்தது. அப்பா பட்டறையில் இருந்த பழைய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். கிட்டத்தட்ட 890 கிலோ. நமது பவுண் கணக்கில் ஒரு பவுண் 8 கிராம். ஆக 111,000 பவுண். காரின் எடை தனியாக இரண்டு தொன்னுக்கு மேல். எல்லாம் சேர்ந்து மூன்று தொன்னுக்குக் குறையாது. அதை வைத்திருப்பதோ, அரைத் தொன் ஏற்றினாலே திணறக்கூடிய பிக்கப்பில். சில்லு வெடிக்கவில்லை, அச்சு முறியவில்லை. தேங்காய் ஏற்றிய வண்டிபோலப் போகிறது.

எனக்கு அதைவிட மறக்கமுடியாதது அப்பாவின் அடுத்த கேள்வி. பொன்னை அவன் எப்படிப் பிரித்தெடுப்பான்? அப்பா இதைச் சிரிப்பாகக் கேட்கவில்லை. ஒரு தொழிலாளியின் கவலையாகவே கேட்டார். பொன் 1,064 பாகையில் உருகும், இரும்பு 1,538 பாகையில். ஆகவே கட்டியை மெல்லச் சூடாக்கினால் பொன் முதலில் உருகி வழியும், இரும்பு நிற்கும். ஆனால் காருக்குள் செப்புக் கம்பி இருக்கிறது, பற்றரியில் ஈயம் இருக்கிறது, அலுமினியம் இருக்கிறது. அவை எல்லாம் பொன்னோடு கலந்துவிடும். பிறகு மூசையில் இட்டு, வெண்காரம் போட்டு, புடமிட்டு, உரைகல்லில் உரைத்துப் பார்த்து... "ஒரு மாத வேலை, மகன்" என்றார். "நசுக்குவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து பொன்னை வெளியே எடுத்து வைத்திருந்தால் ஒரு நிமிடம்."

கதையின் தேவை எனக்கு இப்போது புரிகிறது. சோலோவின் சட்டைப்பையில் பொண்ட் இரகசியமாகப் போட்ட சமிக்ஞைக் கருவி அழிந்துபோக வேண்டும், அதற்காகவே கார் நசுங்க வேண்டும். ஆனால் கருவி அழிவதற்காக 111,000 பவுண் பொன்னையும் சேர்த்து நசுக்குவது, பொன்னே உயிர் என்று சொல்லும் ஒருவன்! அந்தக் காட்சியில் நடிப்பவர்கள் ஒருவர் முகத்திலும் சிரிப்பின் சாயல் இல்லை. பின்னணி இசை இடியாய் இறங்குகிறது. அத்தனை பேரும் அதை நம்பி நடிக்கிறார்கள். அந்த நம்பிக்கைதான் என்னைச் சிரிக்க வைக்கிறது. ஏளனச் சிரிப்பு அல்ல. பொம்மைக் கலியாணம் நடத்தும் பிள்ளைகள் தாலி கட்டும் நேரத்தில் முகத்தை எவ்வளவு பயபக்தியோடு வைத்திருப்பார்கள், அதைப் பார்க்கும்போது வரும் சிரிப்பு.

பொன் கட்டிகள் வரும் மற்ற இடங்களும் இப்படித்தான். கோல்ஃப் பந்தயத்தில் 5,000 ஸ்டேர்லிங் பவுண் பெறுமதியான பொன் கட்டி ஒன்றைப் பொண்ட் கோல்ட்ஃபிங்கரின் கண்ணுக்கு முன்னால் புல்லில் போட்டு அவன் கையைத் தடுமாற வைக்கிறான். அன்றைய விலைக்கு அது 12 கிலோவுக்கு மேற்பட்ட கட்டி, ஏறத்தாழ 1,550 பவுண். கடைசிச் சண்டையில் களஞ்சியத்துக்குள் அப்படி ஒரு கட்டியை எடுத்து ஒட்ஜொப்பின் மார்பில் எறிகிறான். மார்பில் பட்டுக் கீழே விழுகிறது. ஒட்ஜொப் புன்னகைக்கிறான். அந்த வேடத்தில் நடித்த ஹெரல்ட் சகாட்டா 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பளு தூக்குதலில் அமெரிக்காவுக்காக வெள்ளிப் பதக்கம் வென்றவர். பாரம் என்றால் என்ன என்று அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்த மனிதர்தான் 12 கிலோ கட்டியைப் பஞ்சுத் தலையணைபோல மார்பில் வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

லேசர் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. பொன் தகடு பதித்த மேசையில் பொண்டைக் கட்டிப்போட்டு, சிவப்புக் கதிரால் மேசையைக் கால்களுக்கு நடுவில் அறுத்துக்கொண்டே வருவார்கள். நாவலில் அது வட்ட வாள். லேசர் 1960இல்தான் முதன்முதலாக இயங்கியது, அதனால் புதுமைக்காகப் படத்தில் அதைக் கொண்டுவந்தார்கள். அப்பா அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நகையை ஒட்டவைக்க ஐம்பது தடவை பற்றாசு வைத்து ஊதுகுழல் பிடித்த ஒரு நாளின் களைப்பு கண்ணில் இருந்தபோதும் பார்வை மட்டும் அங்கே நின்றது. "தீ மேலிருந்து வரவில்லை. அடியில் இருந்து யாரோ ஊதுகிறார்கள்" என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அந்தப் படப்பிடிப்பைப் பற்றி வாசித்தேன். கதிர் பிறகு வரைந்து சேர்த்தது. மேசைக்கு அடியில் ஒரு தொழில்நுட்பவியலாளர் படுத்திருந்து, ஒட்சி-அசற்றிலீன் சுவாலையால் கீழிருந்து மேசையை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஆரையம்பதி முற்றத்தில், மங்கலான திரையில், சாமத்தில், அப்பா அதைக் கண்டுபிடித்திருந்தார். இதைச் சொல்ல அப்போது அவர் உயிரோடு இல்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

இனி மாமாவின் பங்கு. கொள்ளைக் கூட்டத் தலைவர்களை எல்லாம் ஒரு மண்டபத்தில் கூட்டி வைத்து கோல்ட்ஃபிங்கர் தன் திட்டத்தை விளக்கும் காட்சி ஒன்று உண்டு. பொத்தானை அழுத்துகிறான், பில்லியர்ட் மேசை புரள்கிறது, சுவர் நகர்கிறது, தரை பிளந்து ஃபோர்ட் நொக்ஸின் மாதிரி உருவம் மேலே எழுகிறது. நீண்ட நேரம், கையில் கோலோடு, ஒவ்வொரு கட்டத்தையும் விளக்குகிறான். விளக்கி முடித்ததும் வெளியே போய், கதவுகளை அடைத்து, நச்சு வாயுவைத் திறந்துவிட்டுக் கேட்டவர்கள் அத்தனை பேரையும் கொன்றுவிடுகிறான்.

என் மச்சான் ஒருவன் பொறுக்க முடியாமல் கேட்டான், கொல்லப் போகிறவர்களிடம் ஏன் இவ்வளவு மினக்கெட்டுச் சொல்ல வேண்டும் என்று. மாமா உடனே சொன்னார்: "சபைக்குச் சொல்ல வேண்டும் அல்லவா?"

கூத்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். கூத்து நடக்கும் வட்டக்களரியில் ஓர் அரசன் வந்தால் வந்த வேகத்தில் கதைக்குள் இறங்கிவிட மாட்டான். முதலில் கட்டியகாரன் வந்து அறிவிப்பான். பிறகு அரசன் வரவுத்தாளத்துக்கு ஆடிக்கொண்டு களரியைச் சுற்றுவான். தான் யார், தன் வீரம் என்ன, இன்றைக்கு என்ன செய்யப் போகிறேன் என்று பாடுவான். கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தில் விடமாட்டார். எதிரே நிற்கும் மந்திரிக்கு அதெல்லாம் தெரியும். களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஊர்ச்சனத்துக்கும் கதை ஏற்கெனவே தெரியும். ஆனாலும் பாட வேண்டும். உடுப்பின் பாரமும் முடியின் பாரமும் சேர்ந்து வேர்வை வழிய வழியப் பாட வேண்டும். அதில் குறை வைத்தால் அவன் அரசன் இல்லை.

கோல்ட்ஃபிங்கருக்கு அந்த மண்டபம்தான் வரவு. பில்லியர்ட் மேசையும் நகரும் சுவரும் அவனுடைய கட்டியகாரர்கள். அந்த வேடத்தில் நடித்த கேர்ட் ஃப்ரோபே ஜெர்மன் நடிகர். அவருடைய ஆங்கிலம் போதாது என்று மைக்கல் கொலின்ஸ் என்ற இன்னொரு நடிகரின் குரலை ஏற்றினார்கள். எங்கள் முற்றத்தில் அது ஒருவருக்கும் இடையூறாக இருக்கவில்லை. மொழி விளங்காமல் பார்த்ததால் உடல் ஒன்றே கண்ணில் நின்றது: வயிறு தள்ளிய ஒரு மனிதர், கோலை நீட்டி, நாட்டைப் பிடிக்கப் போகும் அரசனின் பெருமிதத்தோடு ஒரு பொம்மைக் கோட்டையைச் சுற்றி நடக்கிறார். அவருக்கு அந்தப் பெருமிதத்தில் துளியும் ஐயம் இல்லை. மாமா தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

உண்மையான ஃபோர்ட் நொக்ஸின் உட்புறத்தைப் படக்குழுவுக்கு யாரும் காட்டவில்லை. கலை இயக்குநர் கென் அடம் தன் கற்பனையிலிருந்தே இங்கிலாந்தின் பைன்வுட் படப்பிடிப்புத் தளத்தில் அதைக் கட்டினார். கூரைவரை அடுக்கிய பொன், நடுவில் மினுங்கும் தூண்கள். தேவாலயம்போல இருக்கும். பொன்னை யாரும் அப்படி உயரமாக அடுக்க மாட்டார்கள் என்று அப்பா சொன்னார். ஒரு லீற்றர் போத்தல் நிறையப் பொன் எடுத்தால் 19 கிலோவுக்கு மேல் நிறுக்கும். அடியில் இருப்பது தாங்க வேண்டாமா, தரை தாங்க வேண்டாமா. ஆனால் அதைச் சொன்னபோது அவர் குரலில் குற்றம் இல்லை. கண்களில் அந்தப் பொன் இருந்தது. வைகாசியில் எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை பாடும்போது, சிலம்பைத் திருடிக் கோவலன்மேல் பழி போடும் தட்டானின் பகுதி வரும். அப்பா ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். பொன்னால் கெட்டவனின் கதை அவருக்குப் புதிதல்ல. கோல்ட்ஃபிங்கரைப் பற்றி அவர் சொன்ன ஒரே குறை இதுதான்: "அவன் பொன்னை விரலால் தடவுகிறான். நிறுத்துப் பார்க்கவில்லை."

படைவீரர்கள் விழும் காட்சியும் உண்டு. பெண் விமானிகள் ஓட்டும் சின்ன விமானங்கள் வாயுவைத் தூவிக்கொண்டு மேலே போகும். கீழே அணிவகுத்து நின்ற வீரர்கள் ஒரே கணத்தில், காற்றில் சாய்ந்த வேளாண்மைபோல வரிசை வரிசையாய்ப் படுத்துவிடுவார்கள். வாயு மண்ணைத் தொடக்கூட நேரம் இருக்காது. பிறகுதான் தெரியும், வாயு ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டது, அவர்கள் எல்லோரும் நடித்தார்கள் என்று. அதாவது ஒரு படைமுகாமே ஒத்திகை பார்த்து விழுந்திருக்கிறது. இதை யோசிக்க யோசிக்க எனக்குச் சிரிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

வேண்டுமென்றே வைத்த சிரிப்புகளும் படத்தில் நிறைய. தொடக்கத்தில் பொண்ட் தலையில் பொம்மைக் கடற்பறவையைக் கட்டிக்கொண்டு நீந்தி வருவதும், நீச்சலுடையைக் கழற்றினால் உள்ளே கசங்காத வெள்ளைக் கோட் இருப்பதும், அஸ்டன் மார்ட்டின் காரின் இருக்கை ஆளைத் தூக்கி வெளியே எறிவதும், அணுகுண்டின் எண்காட்டி 007இல் நிற்பதும். அவை நல்ல சிரிப்புகள்தான். ஆனால் ஒரு தடவைக்கு மேல் எனக்கு வேலை செய்யவில்லை. படம் நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கும்போது நாம் சிரித்து முடித்துவிடுகிறோம். 1970களில் வந்த பொண்ட் படங்கள் இந்தக் கண்ணடிப்பையே தொழிலாக்கிக்கொண்டன. அவற்றில் ஒன்றைக்கூட நான் இரண்டாம் முறை பார்க்க விரும்பவில்லை. பிக்கப்பில் ஏறிய கட்டியோ முப்பது வருடமாக என்னைச் சிரிக்க வைக்கிறது.

சிரிக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. அதை மறைத்து இந்தப் படத்தைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. தொழுவத்தில் அந்தப் பெண் விமானிகளின் தலைவியை, அவள் வேண்டாம் என்று தள்ளத் தள்ள, பொண்ட் வலிந்து முத்தமிடுகிறான். அதன்பிறகு அவள் மனம் மாறுவதாகப் படம் காட்டுகிறது. அதைப் பழைய காலம் என்று நான் விட்டுவிட மாட்டேன். என் மகளோடு பார்த்தபோது அந்த இடத்தில் நிறுத்தி, இது தவறு என்று சொல்லிவிட்டுத்தான் தொடர்ந்தேன்.

உடம்பெல்லாம் பொன் பூசியதால் தோல் மூச்சுவிட முடியாமல் ஒரு பெண் இறந்துபோவதாகவும் ஒரு காட்சி வருகிறது. மகள் அதை நம்பிவிட்டாள். நாம் நுரையீரலால் மூச்சு விடுகிறோம், தோலால் அல்ல. அந்த வேடத்தில் நடித்த ஷேர்லி ஈட்டன் படப்பிடிப்பில் இறந்துவிட்டார் என்று உலகம் முழுவதும் பரவிய கதையும் பொய். அவர் அதற்குப் பிறகும் படங்களில் நடித்தார்.

மகளுக்குப் பதினான்கு வயது. கட்டி வரும் இடத்துக்கு வந்ததும் அப்பாவின் தராசை அலுமாரியில் இருந்து எடுத்து வந்து மேசையில் வைத்தேன். ஒரு தட்டில் அவளுடைய ஒரு பவுண் சங்கிலியை வைத்தேன். தட்டு இறங்கியது. இப்படி 111,000 சங்கிலிகள் அந்தக் காருக்குள் இருக்கின்றன என்றேன். அவள் சங்கிலியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். நீங்களும் பார்த்தால் அந்த இடத்தில் ஒட்ஜொப்பின் முகத்தைப் பார்க்க வேண்டாம். பிக்கப்பின் பின்சில்லைப் பாருங்கள்.